வரப்புப் புற்றில் இந்த வருஷம் காளான் வரவில்லை, ஏன்?

வரப்போரம்
அக்டோபர் 24, காலை 7.10

எங்கள் தோட்டம் அந்தியூருக்குப் பக்கம். கிணற்றுமேட்டுக்கு மேற்கே வேப்பமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று இருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் வாரத்திலோ இடிமழை பெய்து இரண்டு மூன்று நாளில் அதைச் சுற்றிக் காளான் வந்துவிடும். விடியற்காலையில் போனால் மொட்டாக இருக்கும். எட்டு மணிக்குள் விரிந்துவிடும். மதியத்துக்கு மேல் புழு வைத்துவிடும். ஒரு கூடை எடுத்தால் பங்காளி வீடு இரண்டுக்கும் கொடுத்ததுபோக எங்களுக்கு ஒரு வேளைக் குழம்பு தேறும்.

இந்த வருஷம் மழைக்கும் குறைவில்லை, இடிக்கும் குறைவில்லை. காளான் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. நாலு நாளாக டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வருகிறேன். "இடி சரியான இடத்தில் விழவில்லை" என்கிறது அப்பத்தா.

கேள்வி இரண்டு. இந்தக் காளான் எதனால் வருகிறது? சிப்பிக்காளானுக்குப் பாக்கெட்டில் விதை விற்கிறார்களே, அதுபோல இதற்கும் விதை வாங்கிப் போட முடியுமா?

கொங்குப்பையன்
அக்டோபர் 24, காலை 8.02

எங்கள் பக்கமும் குறைவுதான் அண்ணா. செல்போன் டவர் வந்த பிறகு இடிக்குச் சக்தி போய்விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டவரைத் திட்டுவதற்கு அவர்களுக்கு வாரம் ஒரு காரணம் வேண்டும்.

ஈரமண்
அக்டோபர் 24, காலை 9.45

டவரை விடுங்கள். நான் 31 வருஷம் தாவரவியல் நடத்தியவன். காளானையும் அந்த வகுப்பில்தான் நடத்தினேன், அது தாவரமே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டு.

வரப்போரம், நீங்கள் பறிப்பது மரத்தில் மாங்காய் பறிப்பதைப் போன்றது. மரம் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்குக் கிளையும் இலையும் கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய வெள்ளை இழைகள் பின்னிப் பின்னிப் பரவியிருக்கும். பூசண இழை என்றும் மைசீலியம் என்றும் சொல்வோம். அழுகிய விறகைப் புரட்டினால் அடியில் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளையாகத் தெரியுமே, அதுதான். வருஷம் முழுக்க அது இருக்கும். குடை மட்டும் இரண்டு நாளைக்கு வெளியே வரும். குடையின் வேலை வித்துகளைக் காற்றில் விடுவது. அது முடிந்ததும் அழுகிவிடும்.

ஆக, காளான் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது மழையைப் பற்றி அல்ல, கீழே இருக்கிற மரத்துக்கு என்ன ஆயிற்று என்று. உங்கள் புற்றுக்காளான் விஷயத்தில் அந்த மரம் தனியாக வாழவில்லை, அதற்கு ஒரு குடியானவன் இருக்கிறான். புற்று உயிரோடு இருக்கிறதா? ஓரமாக ஒரு கை அளவு பெயர்த்துப் பாருங்கள். உயிருள்ள புற்றென்றால் கறையான் ஓடிவந்து, விடிவதற்குள் ஈரமண் வைத்து அடைத்திருக்கும்.

மஞ்சப்பை
அக்டோபர் 24, காலை 10.20

தாவரம் இல்லை என்றால் சைவமா அசைவமா? எங்கள் மாமியார் கார்த்திகை மாதம் காளான் சமைக்க விடமாட்டார். அவரிடம் போய் இதைச் சொன்னால் வருஷம் முழுக்க விடமாட்டார்.

ஈரமண்
அக்டோபர் 24, காலை 10.58

அவரிடம் சொல்லாதீர்கள். ஏனென்றால் உண்மை இன்னும் மோசம். மரபணுக்களை வைத்துப் பார்த்தால் காளான் கீரைக்கு உறவில்லை, நமக்குத்தான் உறவு. விலங்குக்கும் பூஞ்சைக்கும் பொது மூதாதை ஒன்று சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. செடிகள் அதற்கும் முன்பே பிரிந்து போய்விட்டன.

செடியின் செல்சுவர் செல்லுலோஸ். காளானுக்குக் கைட்டின், இறால் தோட்டிலும் வண்டின் ஓட்டிலும் இருக்கிற அதே சரக்கு. செடி உணவை மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. காளான் கிளைகோஜனாகச் சேமிக்கிறது, நம் ஈரலைப் போல. பச்சையம் கிடையாது, வெயிலில் சமைக்கத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன்காரர் லின்னேயஸ், ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று தாவரத்தோடு சேர்த்தார். 1969ல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாடு போட்டபோதுதான் பாடப்புத்தகத்தில் பூஞ்சைக்குத் தனி உலகம் கிடைத்தது.

சாப்பிடும் முறையில்தான் அது நம்மிடமிருந்து வேறு. நாம் உணவை உள்ளே போட்டுச் செரிக்கிறோம். காளான் செரிமானச் சாற்றை வெளியே விட்டு, செரித்ததை உறிஞ்சுகிறது. வாயும் வயிறும் இல்லாமல் உடம்பே குடலாக வாழ்கிற பிறவி. மாமியாருக்கு எது எடுபடுமோ அதை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

மஞ்சப்பை
அக்டோபர் 24, காலை 11.05

இறால் தோடு என்ற வார்த்தையை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் சார்.

கொங்குப்பையன்
அக்டோபர் 24, மதியம் 1.15

அப்படியானால் இடி விஷயம் முழுப்பொய்யா? இடி இடித்தால் வருகிறதை நானே பார்த்திருக்கிறேன்.

ஈரமண்
அக்டோபர் 24, மாலை 4.30

பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. காளான் மொட்டுக்குள் குடையின் செல்கள் பெரும்பாலும் முன்பே உருவாகித் தயாராக இருக்கும். மழை பெய்து மண் ஊறியதும் அந்தச் செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பலூனில் காற்று ஊதுகிற மாதிரி. ராத்திரிக்கு ராத்திரி பெரிதாவது அதனால்தான். அது வளர்ச்சி என்பதைவிட விரிதல் என்பதுதான் சரி. நம் பக்கம் வறண்ட பூமியை ஊறவைக்கிற மழை இடியோடு வருகிறது. ஆகவே பெயர் இடிக்குப் போய்விட்டது.

இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கத்தில் புளூட்டார்க், மண்ணுக்குள் விளையும் டிரஃபிள் காளான் இடியால் உண்டாவதாக ஏன் சொல்கிறார்கள் என்று ஒரு விவாதமே எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானிலும் இதே பேச்சு உண்டு. அங்கே இவாதே பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஷிடாக்கே காளான் வளரும் மரக்கட்டைக்கு உயர் மின்னழுத்தத்தைக் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகக் கொடுத்தபோது விளைச்சல் கூடியது. அதனால் அப்பத்தாவை அடியோடு மறுக்க நான் தயாரில்லை. ஆனால் கட்டையில் கம்பி செருகிக் கொடுப்பதும் வானத்தில் இடிப்பதும் ஒன்றில்லை.

ஏட்டுச்சுவடி
அக்டோபர் 24, இரவு 8.40

நான் தமிழாசிரியர், அறிவியல் எனக்குத் தூரம். ஆனால் கறையானையும் காளானையும் சேர்த்துப் படித்ததும் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. பாணன் வீட்டு வறுமையைச் சொல்லும் இடம். அடுப்பெரியாத சமையலறையில் குட்டி போட்ட நாய் குரைக்கிறது. அடுத்து,

காழ்சோர் முதுசுவர்க் கணச்சிதல் அரித்த
பூழி பூத்த புழற்கா ளாம்பி

கழிகள் இற்று விழுந்த பழஞ்சுவர். சிதல் என்றால் கறையான். கூட்டமாக வந்த கறையான் அரித்துக் கொட்டிய புழுதியில் ஆம்பி பூத்திருக்கிறது. ஆம்பி என்றால் காளான். கறையான் இருந்த இடத்தில் காளான் என்பதை அன்றைக்கே கவனித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஈரமண்
அக்டோபர் 24, இரவு 9.25

ஐயா, அருமையான வரி. ஆனால் அவசரப்பட வேண்டாம். புழல் என்றால் உள்துளை அல்லவா? புற்றுக்காளானின் தண்டு உள்ளே நார் நிறைந்து கெட்டியாக இருக்கும், துளை இருக்காது. தவிர, எல்லாக் கறையானும் காளான் வளர்ப்பதில்லை. எனவே அந்தச் சுவரில் பூத்தது மட்கிய தூளில் தானாக முளைக்கிற வேறொரு மெல்லிய காளானாக இருக்கலாம். புலவர் "புழல்" என்று குறிப்பாகச் சொன்னதால்தான் இந்த அளவுக்காவது சொல்ல முடிகிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் தண்டை ஒடித்துக்கூடப் பார்க்காமல் படம் வரைந்தவர்கள்.

ஏட்டுச்சுவடி
அக்டோபர் 24, இரவு 9.40

சரிதான். "புழல்" என்பதற்கு வகுப்பில் இனி ஒரு காளானை ஒடித்துக் காட்டிவிடுகிறேன்.

நாஞ்சில்காற்று
அக்டோபர் 25, காலை 6.30

எங்கள் குமரி மாவட்டத்தில் இது ஆனி மாதமே வந்துவிடும், தென்மேற்கு மழை எங்களுக்கு முன்னால் அல்லவா? ரப்பர் தோட்டத்தில் இரண்டு விதம் பார்ப்போம். ஒன்று பெரிய குடை, நடுவில் கூர்மையான மூக்கு இருக்கும். இழுத்தால் வராது, கம்பு வைத்துத் தோண்டினால் வேர் போய்க்கொண்டே இருக்கும், முழங்கை ஆழத்துக்கும் கீழே. இன்னொன்று அரிசிக்காளான். சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் சோறு கொட்டிய மாதிரி தரை முழுக்க வெள்ளையாக நிற்கும். பொறுக்கிச் சுத்தம் செய்ய ஒரு காலைப்பொழுது போய்விடும். தேங்காய் அரைத்துத் தோரன் வைத்தால் அந்தக் காலைப்பொழுது வீணில்லை.

இரண்டுமே கறையானோடு சேர்ந்ததா?

ஈரமண்
அக்டோபர் 25, காலை 8.50

இரண்டும் ஒரே இனக்குழு. டெர்மிடோமைசஸ் என்று பெயர். 1942ல் ரோஜே ஹெய்ம் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. நம் பக்கத்துப் பெரிய காளான்களில் ஒன்றை 1979ல் தமிழ்நாட்டுப் பூஞ்சையியலாளர் கே. நடராஜன் விவரித்து, ஹெய்ம் நினைவாக டெர்மிடோமைசஸ் ஹெய்மி என்று பெயரிட்டார்.

அந்த நீண்ட வேர் உண்மையில் வேர் இல்லை. தண்டுதான் கீழே வரை நீண்டிருக்கிறது. அது கிளம்புகிற இடம் கறையானின் தோட்டம். அங்கிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரத்தான் அந்தக் கூர் மூக்கு. அரிசிக்காளான் கதை வேறு. கறையான் தன் தோட்டத்துத் துணுக்குகளை மேலே கொண்டுவந்து பரப்பிவிடும். அதில் முளைப்பதால் அதற்கு நீண்ட தண்டு தேவையில்லை.

தோட்டம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பேச்சில் முக்கியமானது இதுதான்.

வேலைக்காரக் கறையான் சருகும் புல்லும் காய்ந்த குச்சியும் தின்கிறது. நாம் நினைப்பதுபோல அது மரத்தை முழுக்கச் செரிப்பதில்லை. மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கிற லிக்னினை உடைப்பது எந்த உயிருக்கும் சுலபமில்லை. அதில் கைதேர்ந்தவை சில பூஞ்சைகள்தான். ஆகவே கறையான் தின்றதை அரைகுறையாக வெளியே தள்ளி, அதை அடையாகக் கட்டுகிறது. சாப்பிடும்போதே பூஞ்சையின் வித்துகளையும் சேர்த்து விழுங்கியிருக்கும், அதனால் தள்ளும்போதே விதைத்தும் ஆகிவிடுகிறது. அடையில் இழை பரவி லிக்னினை உடைத்து மெத்தென்று ஆக்கும். மேலே புதுச்சரக்கு சேரச் சேர, கீழே பழுத்த பகுதியைக் கறையான் தின்றுகொண்டு வரும்.

மாணவர்களோடு ஒருமுறை, சாலைக்காக இடித்துப் போட்ட புற்றில் இந்த அடையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஆட்டு மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, ரஸ்க் போல லேசாக, வெளிர்பழுப்பு நிறம். மடிப்புகளில் கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளை உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மோந்தால் காளான் வாசனையேதான். அந்த உருண்டைகள், பாலினச் சேர்க்கை இல்லாமலே பூஞ்சை உண்டாக்கும் வித்துகள் அடங்கிய முடிச்சுகள். இளம் வேலைக்காரக் கறையான்களுக்கு அதுதான் சாப்பாடு, வயிற்றில் செரிக்காமல் மிஞ்சிய வித்துகள்தான் அடுத்த விதைப்பு. அடையை வெயிலில் வைத்த பத்து நிமிடத்தில் உருண்டைகள் சுருங்கிப் போயின. அந்த அளவு ஈரமும் சூடும் பிசகாமல் வைத்திருக்கத்தான் புற்று.

மாடு தன் வயிற்றுக்குள்ளேயே நுண்ணுயிர்ப் பானை வைத்திருக்கிறது. கட்டில் காலை அரிக்கிற சில கறையான்களும் குடலுக்குள் ஒரு செல் உயிர்களை வைத்து மரத்தைச் செரிக்கின்றன. இந்தக் கறையான்கள் பானையை வெளியே வைத்துக்கொண்டன. நாம் மாவை இரவு முழுக்கப் பாத்திரத்தில் புளிக்கவிட்டுக் காலையில் சாப்பிடுகிற மாதிரி.

இந்த விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கிறது. தான்சானியாவில் 2.5 கோடி ஆண்டுப் பழைய காளான் அடைகளே கல்லாகக் கிடைத்திருக்கின்றன. நாம் நெல் பயிரிட ஆரம்பித்து பத்தாயிரம் ஆண்டு ஆகியிருக்குமா?

கொங்குப்பையன்
அக்டோபர் 25, காலை 9.30

ரஸ்க்கை இனிமேல் டீயில் நனைக்கும்போது ஆட்டு மூளை ஞாபகம் வரும். நன்றி சார்.

புற்றுக்குள் அத்தனை உயிர் இருந்தால் மூச்சு முட்டாதா? ஜன்னல் எதுவும் தெரியவில்லையே?

ஈரமண்
அக்டோபர் 25, காலை 11.10

நல்ல கேள்வி. கறையானும் மூச்சு விடுகிறது, பூஞ்சையும் விடுகிறது, கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். 2015ல் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மகாதேவன் குழுவினர் தென்னிந்தியப் புற்றுகளில் கருவி செருகி அளந்தார்கள். உங்கள் பக்கம் பார்க்கிற, வெளியே மடிப்பு மடிப்பாகத் தூண் வைத்த அதே வகைப் புற்று. பகலில் வெளிமடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, நடுப்பகுதி குளிர்ந்திருக்கிறது. காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்குகிறது. இரவில் ஓரம் முதலில் குளிர்ந்துவிடும், காற்றோட்டம் தலைகீழாகும். இப்படி நாளுக்கொரு முறை திசை மாறி உள்ளே தேங்கிய வாயு சுவரின் நுண்துளைகள் வழியாக வெளியேறுகிறது. விசிறி கிடையாது, ஆள் கிடையாது. வெயிலும் இரவும்தான் மோட்டார்.

பாம்புக்கும் அது வசதியாக இருக்கிறது, வாடகை இல்லாமல் வந்து தங்கிவிடுகிறது. ஆனால் மஞ்சளும் குங்குமமும் வாடகைக்காரருக்குத்தான் கிடைக்கிறது. கட்டினவனை யாரும் கும்பிடுவதில்லை.

வரப்போரம்
அக்டோபர் 25, மாலை 6.20

சார், நீங்கள் சொன்ன மாதிரி இன்று ஓரமாக மண்வெட்டியால் பெயர்த்தேன். ஒரு கறையான்கூட வரவில்லை. அரைமணி நேரம் நின்று பார்த்தேன். உள்ளே அறை அறையாக இருக்கிறது, காலி.

இன்னொன்று. புற்றைச் சுற்றிக் கருப்பாகக் குச்சி குச்சியாக ஏதோ முளைத்திருக்கிறது. விரல் நீளம், நுனி மட்டும் வெளிறிப் போய், எரிந்த தீக்குச்சியை மண்ணில் நட்டு வைத்த மாதிரி. முப்பது நாற்பது இருக்கும். பத்து நாளாகவே இருந்திருக்கும்போல, வேர் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிடுங்கினால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது, கீழே ஆழமாகப் போகிறது. இது என்ன?

ஈரமண்
அக்டோபர் 25, இரவு 7.05

தம்பி, போன சித்திரை, வைகாசியில் அந்தப் பக்கம் கறையான் மருந்து ஏதும் ஊற்றினீர்களா?

வரப்போரம்
அக்டோபர் 25, இரவு 10.40

ஊற்றினோம்.

புதிதாக நாற்பது தென்னங்கன்று வைத்தோம். கறையான் ஏறி ஏழு கன்று போய்விட்டது. கடையில் கேட்டதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். கன்றுக்கு ஊற்றியதுபோகக் குடத்தில் மீதி இருந்தது. மூலத்தையே அழித்துவிடலாம் என்று நான்தான் புற்றின் வாயில் ஊற்றச் சொன்னேன். அப்போது காளான் ஞாபகமே வரவில்லை. அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈரமண்
அக்டோபர் 26, காலை 6.15

அந்தக் கருப்புக் குச்சிகள் சைலேரியா. அதுவும் பூஞ்சைதான், ஆனால் கறையான் பயிரிட்டதல்ல. அந்தத் தோட்டத்தின் களை.

அடைக்குள் அது எப்போதுமே ஒரு மூலையில் இருக்கிறது, தலைதூக்க முடியாமல். கறையான் ஓயாமல் நக்கியும் கிள்ளியும் அடையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. அடையிலும் கறையானின் குடலிலும் இருக்கிற பாக்டீரியாக்களிலும் சில இந்தக் களையை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. பயிர் ஒன்று, களை ஒன்று, களைக்கொல்லிக்கும் அங்கேயே ஓர் உயிர். குடியானவன் போன மறுவாரம் களை ஏறிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் கறையான் இல்லாமல் அடையை மட்டும் எடுத்து வைத்தாலும் கொஞ்ச நாளில் இதேதான் நடக்கும். வெள்ளை இழை மறைந்து கருங்குச்சி கிளம்பும்.

உங்கள் காளானின் இழைக்கு மருந்து நேரடியாக என்ன செய்தது என்று பார்க்கவே வேண்டாம். கறையான் போனாலே அது போய்விடும். கறையான் இல்லாமல் காட்டில் அது தனியாகப் பிழைப்பதில்லை, அது இல்லாமல் அந்தக் கறையானும் பிழைப்பதில்லை.

இதைச் சொல்வது உங்களைக் குத்திக்காட்ட இல்லை. ஏழு கன்று போனால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஒன்று. கறையான் பெரும்பாலும் காய்ந்த மட்டை, மக்காத சாணம், பட்டுப்போன வேர் இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் வரும். வாடிய கன்றில் ஏறும். குழியில் பச்சைச் சாணம் போட்டீர்களா?

வரப்போரம்
அக்டோபர் 26, காலை 7.00

போட்டோம் சார். பச்சைச் சாணமும் காய்ந்த மட்டையும்.

சிப்பிக்கூடாரம்
அக்டோபர் 26, காலை 11.30

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கோபிக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாகச் சிப்பிக்காளானும் பால்காளானும் போடுகிறேன்.

முதலில் அந்தப் பாக்கெட்டில் இருப்பது விதையே இல்லை. வேகவைத்த வெள்ளைச்சோளத்தில் பூசண இழையை வளரவிட்டது. ஒவ்வொரு சோளமும் வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். கரும்பைக் கரணை வெட்டி நடுவது போல, இருக்கிற உடம்பிலேயே ஒரு துண்டை எடுத்து நடுகிறோம், அவ்வளவுதான். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பையில் அடுக்கு அடுக்காகச் சோளம் தூவிக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளையாகிவிடும். வேகவைப்பது வைக்கோல் மெத்தென்று ஆவதற்காக இல்லை. வைக்கோலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பச்சைப் பூசணத்தைக் கொல்ல. அது மிஞ்சினால் பையே பச்சையாகிவிடும். ஈரமண் சார் சொன்ன களைதான். கறையான் நக்கிச் செய்கிற வேலையை நான் விறகு எரித்துச் செய்கிறேன்.

சிப்பி, பால் இரண்டும் செத்த பொருளைத் தின்று தனியாக வாழத் தெரிந்தவை. பால்காளானில் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் வெயில் காலத்திலும் வருகிறது. மொட்டுக்காளான்தான் வம்பு. இழை பரவியபின் மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் மூடினால்தான் மொட்டு வைக்கும். அதுவும் அந்த மண்ணில் சில பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க வேண்டும். இழை தானே விடுகிற சில ஆவிகள் அதன் மொட்டைத் தடுக்கும், பாக்டீரியா அதைத் தின்று தீர்க்கும். மண்ணைச் சுத்தமாக்குகிறேன் என்று அதிகம் வேகவைத்தால் காளானும் வராது.

புற்றுக்காளானுக்குக் கறையானே வேண்டும். அதன் இழையைச் சோளத்தில் வளர்க்கலாம், மெதுவாக வளரும். குடை வரவைத்து விற்கிற அளவுக்குப் பண்ணையில் விளைவிக்க யாராலும் முடியவில்லை. விதை தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எந்தக் காளானாக இருந்தாலும் சமைக்குமுன் ஒரு மணிநேரம், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிற செவுள் மேலே பார்க்க வெயிலில் வையுங்கள். அதில் வைட்டமின் டி கூடும். எங்கள் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை, காய்ந்து போகுமே என்கிறார்கள்.

பல்லாவரம்பாலு
அக்டோபர் 26, மாலை 5.50

இந்தப் பேச்சுக்குத் தொடர்புடையதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் புல்தரையில் மழைக்குப் பிறகு தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான், வட்டமாக வரிசை கட்டி. மேலே பழுப்புச் செதிள், தண்டில் மோதிரம். பார்க்கப் பிரமாதம். பக்கத்து வீட்டு அம்மா மஞ்சள் தூள் போட்டு வேகவைத்துப் பார்த்தார், நிறம் மாறவில்லை, அதனால் விஷமில்லை என்கிறார். வெள்ளி மோதிரமும் போட்டுப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று திட்டம்.

சிப்பிக்கூடாரம்
அக்டோபர் 26, மாலை 5.58

வேண்டாம். நிறுத்துங்கள். இப்போதே போய்ச் சொல்லுங்கள்.

ஈரமண்
அக்டோபர் 26, மாலை 6.10

மஞ்சள், வெள்ளி, பூண்டு, அரிசி எதுவும் காளான் விஷத்தைக் காட்டாது. ஒன்றுகூட. அணில் கடித்திருக்கிறது, புழு வைத்திருக்கிறது என்பதும் சாட்சி இல்லை.

நீங்கள் சொல்வது அனேகமாகப் பச்சை வித்துக் காளான், குளோரோபில்லம். புல்தரையில் வட்டம் கட்டுவது அதன் பழக்கம். இழை நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால் விளிம்பில் குடைகள் வட்டமாக நிற்கும். ஒரு சோதனை செய்யுங்கள், தின்பதற்காக இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவை நம்பவைக்க. நன்றாக விரிந்த குடையைத் தண்டு வெட்டி, செவுள் கீழே பார்க்க வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். காலையில் எடுத்தால் தாளில் வித்துகள் கோலப்பொடி மாதிரி கோடு கோடாக விழுந்திருக்கும். புற்றுக்காளான் என்றால் வெளிர் இளஞ்சிவப்பு. உங்களுடையது அழுக்குப் பச்சையாக இருக்கும் என்று நினைக்கிறேன். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி பேதி பிடுங்கிவிடும்.

இது பரவாயில்லை ரகம். அமானிட்டா வகையில் சிலதைத் தின்றால் முதல் ஆறேழு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், எதுவுமே தெரியாது. பிறகு வாந்தி வரும். ஒரு நாள் கழித்துச் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். செல்லின் மரபுக் குறிப்பைப் படியெடுக்கிற நொதியையே அந்த நஞ்சு நிறுத்திவிடுகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள்.

வித்து நிறம் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே புற்றில் பறிப்பவர்கள் காளானைப் பார்த்துப் பறிப்பதில்லை, இடத்தைப் பார்த்துப் பறிக்கிறார்கள். அந்த அறிவு பல்லாவரத்துப் புல்தரைக்குப் பொருந்தாது.

பல்லாவரம்பாலு
அக்டோபர் 27, காலை 7.15

தாளில் பச்சை. பாசி படிந்த மாதிரி. கொண்டுபோய்க் காட்டினேன். பிரியாணி இப்போது பலாக்காயில்.

நாஞ்சில்காற்று
அக்டோபர் 27, காலை 9.00

வரப்போரத்துக்கு ஒரு வழியும் இல்லையா? எங்கள் அம்மா எத்தனை வந்தாலும் ஓரத்தில் இரண்டைப் பறிக்காமல் விடச் சொல்லும், "விதைக்கு நிற்கட்டும்" என்று. அதில் ஏதாவது இருக்கிறதா?

ஈரமண்
அக்டோபர் 27, மதியம் 12.20

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. மழையோடு ஈசல் கிளம்புகிறதே, அது கறையானின் கல்யாண ஊர்வலம். இறக்கையை உதிர்த்துவிட்டு ஆணும் பெண்ணும் மண்ணுக்குள் போய்ப் புதுக்குடித்தனம் தொடங்கும். பெரும்பாலான வகைகளில் அந்த ஜோடி கையோடு பூஞ்சையைக் கொண்டுபோவதில்லை. அவற்றின் முதல் பிள்ளைகள் வளர்ந்து வெளியே வந்து சருகு பொறுக்கும்போது, அதோடு ஒட்டிய காளான் வித்துகளையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் தோட்டம் தொடங்கும். வித்து கிடைக்காத குடும்பம் அழிந்துபோகும். குடையை விரிய விடாமல் மொட்டிலேயே எல்லாவற்றையும் பறித்துவிட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வித்து ஏது? உங்கள் அம்மா விட்டுவைத்த இரண்டும் சும்மா நிற்கவில்லை.

ஆக, வரப்போரம், பழைய புற்றை இடித்துச் சமன் செய்துவிடாதீர்கள். காலிப் புற்றில் வேறு கூட்டம் குடியேறுவது உண்டு. உங்கள் அப்பத்தா பார்த்த புற்றிலேயே நடுவில் குடி மாறியிருக்கலாம். பக்கத்தில் எங்காவது புற்றுக்காளான் வந்தால் முற்றிப்போன குடைகளைக் கொண்டுவந்து சருகு கிடக்கிற இடத்தில் போட்டுவையுங்கள். மருந்து ஊற்றிய இடத்தில் வேண்டாம், தள்ளி. அடுத்த ஐப்பசிக்கே கூடையோடு போகாதீர்கள். கூட்டம் பெருகிக் காளான் விடுகிற நிலைக்கு வரப் பல வருஷம் ஆகும்.

வரப்போரம்
அக்டோபர் 30, இரவு 9.50

அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. அரைமணி நேரம் கழித்து, "உங்கப்பாரு அதுல மம்புட்டி படவே உடமாட்டாரு" என்று மட்டும் சொன்னது.

கிழக்குத் தோட்டத்துக்காரர் வரப்பில் ஒரு புற்று இருக்கிறது. நேற்று அங்கே வந்திருந்தது. கேட்டதும் அந்த அக்கா பையில் போட்டுக் கொடுத்தார். நல்லதைக் குழம்பு வைத்தோம். முற்றிக் கருத்த நாலு குடையைத் தனியாக எடுத்து, வடக்கு வேலியோரம் புங்கமரத்துச் சருகில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தென்னங்குழியிலிருந்து மட்டையையும் சாணத்தையும் அள்ளிப் போட்டாயிற்று.

இன்று சாயங்காலம் மழை விட்டதும் வேலிப்பக்கத்து மண்ணிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. வாசல் லைட்டை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன், எங்கே இறங்குகிறது என்று பார்க்க. திரும்பி வந்தால் லைட் எரிகிறது. அதற்குக் கீழே அண்டாவில் தண்ணீர். என் பையனும் பங்காளி வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். லைட்டைப் போடச் சொன்னது அப்பத்தா.

அரைப்படி தேறியது. பொரியும் பொட்டுக்கடலையும் போட்டு வறுத்தாயிற்று. நானும் ஒரு கை சாப்பிட்டேன்.